எட்டு முறை மாற்றிய ஆயில்

காரின் கியர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்ததும் அவள் நெற்றி சுருங்கியது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவள். எதையும் நிறம் பார்த்த பிறகுதான் பேசுவாள். கியர் ஆயில் செக்கச்செவேலென்று இருக்க வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகம் சொன்னது. துணியில் இருந்ததோ காய்ந்த ரத்தத்தின் பழுப்பு. கருகிய வாடை வேறு.

"போன வருஷந்தானே மாத்துனீங்க?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டாள்.

"மாத்துனேன். பழைய வண்டி, சீக்கிரம் கறுத்துடும்," என்றார் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

புதிதாக வாங்கிப் பதினாலு வருடமான ஆட்டோமேட்டிக் கார். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. கொஞ்ச நாளாக முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல ஒரு குலுக்கல். மேட்டில் ஏறினால், போகலாமா வேண்டாமா என்று ஒரு விநாடி யோசித்துவிட்டுத்தான் நகரும். அடுத்த மாதம் அவளுக்கு மலை மேலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு மாற்றல். வளைவில் பின்னால் லாரி வரும்போது வண்டி இப்படி யோசித்தால் என்ன ஆவது?

"இப்ப மாத்தாத. இவ்வளவு ஓடின வண்டில புது ஆயில் ஊத்துனா கியரே விழாதாம். சும்மா கிடக்கிறதக் கிளறாத," என்றார்.

வருடா வருடம் மாற்றிய மனிதருக்கு இப்போது மட்டும் ஏன் பயம்? பொருந்தாத ரிசல்ட் வந்தால் பரிசோதனையை இன்னொரு முறை செய்து பார்ப்பது அவள் வழக்கம். மறுநாள் தானே வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

மெக்கானிக்கை அந்தத் தெருவில் எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்குள் பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரைத் திறந்து, கூட்டி, கணக்காக ஒரு தூக்கமும் போட்டுவிடுவார். நிதானம் துணியைப் பார்த்தார், முகர்ந்தார், தலையைச் சொறிந்தார்.

"மெஷின் வச்சு மொத்தமா கழுவ மாட்டேன்க்கா. அடித்தட்டக் கழட்டுனா மூணுல ஒரு பங்கு வடியும். அந்த அளவுக்குத்தான் புதுசு ஊத்துவேன். இருநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, மறுபடி அதே மாதிரி."

"மாத்துனா வண்டி நின்னுடுமா?"

"நிக்கலாம். மாத்தாட்டியும் நிக்கலாம். எது முந்திக்கும்னு எனக்குத் தெரியாது."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னதே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. "கழட்டுங்க," என்றாள்.

தட்டை இறக்கியபோது வாடை குப்பென்று வந்தது. அதன் நடுவிலிருந்த சின்னக் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு அப்பியிருந்தது. நிதானம் அதை விரலில் எடுத்துத் தேய்த்தார். "மாவா இருந்தா வெறும் தேய்மானம். துகளா குத்துச்சுன்னா கதை முடிஞ்சுது." அவளும் தொட்டுத் தேய்த்தாள். குத்தவில்லை. மை போல வழுக்கியது. சந்தோஷப்படப் போகும் நேரத்தில், தட்டின் மூலையில் மஞ்சளாக ஏதோ மிதப்பதைக் கண்டாள். கட்டைவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் மூடி.

"இது ஃபாக்டரில டிப்ஸ்டிக் துளைய மூடி வைக்கிறது. கம்பியச் சொருகும்போது உள்ள விழுந்துடும். கெடுதல் ஒண்ணுமில்ல. முதல் தடவ தட்டைக் கழட்டுறவன் எடுத்துப் போட்டுடுவான்."

"முதல் தடவையா? இதுவரைக்கும் எட்டு தடவ மாத்தியிருக்கு."

"இல்லக்கா. இதுல தனியா வடிக்கிற துளையே கிடையாது. தட்டக் கழட்டித்தான் ஆகணும்." சொன்ன பிறகுதான் இது வீட்டு விஷயம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கையிலிருந்த ஸ்பேனரையே தேட ஆரம்பித்தார்.

எட்டு வருடம், எட்டு நாட்கள். ஒவ்வொரு முறையும் அவர் லீவு போட்டுவிட்டு விடிந்ததும் கிளம்புவார். அவள்தான் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். இருட்டும் நேரம் திரும்பி வந்து, கேட்காமலே பாத்திரமெல்லாம் கழுவி வைப்பார். வண்டி சரியான சந்தோஷம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். வேறு ஒருத்தியா? வருடத்துக்கு ஒரே ஒரு நாளா? சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும் போனது.

இரவுச் சாப்பாட்டின்போது மூடியை ஒரு சாம்பிள் புட்டியில் போட்டு அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பட்டறையில் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எங்க போனீங்க?"

"சொன்னா சிரிப்ப."

"சிரிக்க மாட்டேன்னு சத்தியமெல்லாம் பண்ண முடியாது. சொல்லுங்க."

"சொல்ல வரல. அந்த இருநூறு கிலோமீட்டர் ஓட்டணும்ல? ஞாயித்துக்கிழமை வா."

ஞாயிறன்று அவர் ஓட்டினார். முதல் சிக்னலைத் தாண்டும்போது இருவருமே முன்னால் குனிந்து காது கொடுத்தார்கள். இரண்டாவது கியர் எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை. "அட," என்றார் அவர். அப்படியே நூறு கிலோமீட்டர் போனார்கள்.

முள்வேலி சாய்ந்து கிடந்த ஒரு பழைய கல்குவாரியில் வண்டி நின்றது. கீழே பச்சைத் தண்ணீர். எதிரே செங்குத்தாக வெட்டிய பாறை.

"முதல் தடவ நிஜமாவே ஆயில் மாத்தத்தான் கிளம்புனேன். கடை பூட்டியிருந்துச்சு. அப்படியே ஓட்டிக்கிட்டு இங்க வந்துட்டேன்." தொண்டையைச் செருமினார். "இங்க வந்து கத்துவேன்."

அவர் குடிநீர் அலுவலகத்தில் புகார் போன் எடுப்பவர். இருபத்திரண்டு வருடமாக யார் யாரோ திட்டுவதைக் கேட்டுவிட்டு, 'பதிவு பண்ணிக்கிட்டேங்க' என்று மட்டும் சொல்கிறவர்.

"கல்லுகிட்டக் கத்தப் போறேன்னு லீவு கேக்க முடியுமா? உங்கிட்டதான் சொல்ல முடியுமா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னைப் பத்தியும் கத்துவீங்களா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "ரெண்டு தடவ."

"என்னன்னு?"

"நீ பக்கத்துல நின்னா வராது."

அவள் வண்டிக்குத் திரும்பி, ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டாள். அவர் விளிம்புவரை நடந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். தோள்கள் மெல்ல உயர்ந்தன. கண்ணாடியை இறக்கும் பொத்தானை அவள் விரல் தொட்டிருந்தது. எதிர்ப் பாறையிலிருந்து புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பச்சைத் தண்ணீருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றின. அவை பாறைக்குத் திரும்புவதற்குள் அவர் மறுபடியும் மூச்சை இழுத்தார்.