மேற்கு மூலை மூச்சு

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் வசந்தாமணி. மண் ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். சேலத்தில் ஒரு காபிக் கடையில் மழைக்கு ஒதுங்கியபோது சொன்னார். முடித்ததும், "இதை எழுதீராதீங்க" என்றார். மழை விட்டுப் படி இறங்கியவர் திரும்பி வந்தார். "எழுதுனீங்கன்னா டப்பாவப் பத்தி மட்டும் சரியா எழுதிப்போடுங்க. அதுல தப்பு வந்தா மத்ததையும் நம்ப மாட்டாங்க."

ஆகவே டப்பா. ஒரு பக்கம் திறந்த தகர டப்பா. அதைக் குப்புறக் கவிழ்த்து, விளிம்பு மண்ணுக்குள் இறங்கும்படி அழுத்தி வைப்பார்கள். உள்ளே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் காரக் கரைசல். மண்ணுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குப்பையைத் தின்று கரியமிலவாயுவை வெளியே விடும். அதைக் கரைசல் பிடித்துக்கொள்ளும். கிண்ணத்தை எடுத்து அமிலம் விட்டுப் பார்த்தால், மண் எவ்வளவு மூச்சு விட்டது என்று தெரிந்துவிடும்.

'மூச்சு' என்பது என் அலங்காரம் அல்ல. அந்தத் துறையில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

2

நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ஸ்வீடனில் பனி பெய்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் நின்ற இங்கெர்—" (நான் ஸ்வீடன் போனதில்லை.)

"1985ஆம் ஆண்டு, மூன்று நாடுகளின் அறிவியல் ஒத்துழைப்பின் பயனாக—" (யாரோ ரிப்பன் வெட்டப்போகிறார்கள்.)

"கிணற்றை மூடிய அன்று—" (இல்லை. அது இன்னும் வரக்கூடாது.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தியா, ஸ்வீடன், கென்யா ஆகிய மூன்று நாடுகளும் மண்ணில் கரிமம் எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு காற்றில் போகிறது என்று சேர்ந்து பார்த்தன. மூன்று இடத்திலும் ஒரே அளவு டப்பா, ஒரே கரைசல். நம் பக்கத்துக்கு வசந்தாமணி. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. ஆகவே இனி 'அவள்'. நாமக்கல் பக்கத்தில் நிலம் கேட்டு அலைந்தாள். டப்பா வைக்க யாரும் இடம் தரவில்லை. கடைசியில் அப்பாவின் அக்கா சென்னியம்மாள்தான் தன் மானாவாரிக் காட்டைக் கொடுத்தார். "எம் மருமவ வெள்ளக்காரங்களோட சேந்து படிக்கறா" என்று ஊரெல்லாம் சொன்னார்.

ஆடு மாடு டப்பாவை மிதிக்காமல் காவல் இருந்தவள் ஆராயி. அவள் புருஷன் கந்தவேல் கிணறு வெட்டுகிறவன். இரண்டு வருடம் முன்பு, பஞ்சத்தில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் ஏறி ஆந்திரா பக்கம் போய்விட்டான் என்று சொன்னார்கள். ஆராயி அப்போது ஆத்தூர்ப் பக்கம் தாய்வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது அவன் இல்லை.

3

எல்லா டப்பாவும் ஒழுங்காக இருந்தன, மேற்கு மூலையில் இருந்ததைத் தவிர. அங்கே மூச்சு மிக அதிகம். வசந்தாமணி தன் கையைச் சந்தேகப்பட்டாள். டப்பாவை மாற்றினாள், கரைசலைப் புதிதாகக் கலந்தாள். அப்படியும் குறையவில்லை. பிறகு பகலில் பலமுறை கிண்ணத்தை மாற்றிப் பார்த்தாள். விடிந்ததும் மூச்சு வேகமாக வந்தது. உச்சிவேளையில் அடங்கியது. வெயில் தாழ்ந்ததும் மறுபடி வேகமெடுத்தது. இருட்டும்போது ஓய்ந்தது.

மண் வெயிலுக்கு ஏற்ப மூச்சு விடும். உச்சியில்தான் கூட வேண்டும். இது தலைகீழ்.

"என்னுங்க சாமி, அந்த டப்பாவையே பாத்துட்டிருக்கறீங்க?" என்றாள் ஆராயி.

"மண்ணு மூச்சு உடறத அளக்கறேன் ஆராயி. இந்த மூலையில மட்டும் ரொம்ப உடுது."

ஆராயி டப்பாவின் பக்கத்தில் குந்தினாள். உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

"யாரு மூச்சுங்க?" என்றாள்.

(முதல் பிரதியில் இந்த இடத்தில் ஒரு காக்கையைக் கத்தவிட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். வசந்தாமணி சொன்னது, காட்டில் அப்போது ஒரு சத்தமும் இல்லை என்பதுதான்.)

4

அந்த மூலை மண்ணில் கொஞ்சம் ஏற்கெனவே ஸ்வீடன் போயிருந்தது. உலர்த்தி, சலித்து, கண்ணாடி ஜாடியில் அடைத்து அனுப்பியிருந்தார்கள். சேலத்து அலுவலகத்துக்கு ட்ரங்க் கால் வந்தது. இரைச்சலுக்கு நடுவே இங்கெரின் குரல். கூட்டுத் திட்டத்தில் அவள்தான் மூத்தவள், எதற்கும் பதறாதவள்.

"வசந்தா, உங்கள் மேற்கு மூலை மண் இங்கே மூச்சு விடுகிறது."

"காய்ந்த மண் எப்படி விடும்?"

"அதைத்தான் கேட்கிறேன். நாங்கள் தூங்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. காலைக் காபி நேரத்தில் அடங்குகிறது. அப்போது உங்கள் ஊரில் என்ன நேரம்?"

வசந்தாமணி மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

"உச்சிவேளை. வேலையாட்கள் சோறு தின்னக் கரையேறும் நேரம்."

இங்கெர், "அந்த இடத்தில் என்ன புதைத்தீர்கள்?" என்றாள்.*

* கிணற்றை மூடும்போது சோளத்தட்டும் சாணக்குப்பையும் போட்டால், அவை பல வருடம் மக்கி வாயு விடும். மூச்சு ஏன் அதிகம் என்பதற்கு இது போதும். உச்சிவேளைக்குப் போதாது. ஜாடிக்கும் போதாது.

5

அன்றே அத்தை வீட்டுக்குப் போனாள். சென்னியம்மாள் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அத்தை, மேக்கு மூலையில என்ன இருந்துச்சு?"

"பாழுங்கெணறு. பக்கம் சரிஞ்சு போச்சு, மூடிட்டோம்."

"கந்தவேலு எங்கீங்க?"

முறத்தில் இருந்த கை நின்றது. உள்ளே மகன் ராசப்பன் எழுந்து பின்பக்கமாக வெளியே போகும் சத்தம் கேட்டது.

"அவன் உள்ள வெட்டிட்டிருந்தான், நாங்க ரண்டு பேருந்தான் மேல நின்னோம் கண்ணு" என்றார் சென்னியம்மாள். "ஒரு பக்கம் அப்பிடியே உழுந்துருச்சு. எம் பையன் எறங்கறேன்னு கயித்தப் புடிச்சுட்டான். மண்ணு இன்னும் சரிஞ்சுட்டே இருக்குது. அவனையும் முழுங்கியிருமே! அவன இழுத்துட்டு வந்து ஊட்டுக்குள்ள போட்டுப் பூட்டுனேன். அசலூரு டிராக்டரக் கூட்டியாந்து மூடுனேன்."

"குரல் கேக்கலீங்களா?"

(நான் முதலில் எழுதியது: "குரல் நின்னதுக்கப்புறந்தான் மூடுனேன்." காபிக் கடையில் இந்த இடத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நானாகவே சொல்லிவிட்டேன். வசந்தாமணி என்னைத் திருத்தினார். அத்தை சொன்னது கீழே உள்ளது.)

"நிக்கும் நிக்கும்னு பாத்தேன். நிக்கல. டிராக்டர் சத்தத்துல அந்த டிரைவருக்கு ஒண்ணும் கேக்கல."

6

மறுநாள் காலை வசந்தாமணி ஆராயியை மேற்கு மூலையில் உட்காரவைத்துச் சொன்னாள். பாதியில் சென்னியம்மாளும் வந்து நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ரிக் லாரி பொய் என்பதை அவரே தன் வாயால் சொன்னார்.

ஆராயி அழவில்லை, ஏசவில்லை. "டப்பாவ எடுத்துருங்க சாமி" என்றாள். "மூச்சு முட்டும்."

வசந்தாமணி எடுத்தாள். மூன்று நாடுகளின் ஆய்வில் அந்த மூலை அத்தோடு முடிந்தது.

தோண்டலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆராயி மண்வெட்டியை எடுத்தாள். சற்று நேரத்தில் சென்னியம்மாள் ஆட்களைக் கூட்டிவந்தார். சரியாமல் இருக்க அகலமாக வெட்டிக்கொண்டு நாலைந்து நாள் இறங்கினார்கள். (போலீஸ் வந்ததா என்கிறீர்கள். வந்தது, பிறகு. அது வேறு கதை.) கடைசியில் குறுகலான ஒரு பொந்து தெரிந்தது. ஆட்கள் பின்வாங்கினார்கள். ராசப்பன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார். இந்தமுறை கயிற்றின் மறுநுனியைப் பிடித்தவர் சென்னியம்மாள்.

ராசப்பன் இறங்கியதும் கீழிருந்து ஏதோ சொன்னார். "கெடச்சுருச்சு" என்று சென்னியம்மாளுக்குக் கேட்டது. ஆராயிக்குக் கேட்டது "தண்ணி." வசந்தாமணிக்கு இரண்டும் கேட்டன, வேறு வேறு குரலில்.

ராசப்பனை மேலே இழுத்தார்கள். முகமெல்லாம் மண். எதைப் பார்த்தார் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

7

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் எலும்பு கிடைக்கிறது. ஒன்றில் கடப்பாரை மட்டும் கிடைக்கிறது. மூன்றாவதில் ஸ்வீடனில் இங்கெர் ஜாடியைத் திறக்கிறாள், அதில்—

மூன்றையும் கிழித்தேன். நடந்ததை மட்டும் வைக்கிறேன்.

ஆராயி கயிற்றை அவிழ்த்து வாங்கி, ஒரு தூக்குப்போசியில் தண்ணீர் மொண்டு கட்டி, பொந்துக்குள் மெல்ல இறக்கினாள். சென்னியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு நின்றார். உச்சிவேளை. கயிறு போய்க்கொண்டே இருந்தது. பிறகு தளர்ந்தது.

போசி தரையில் பட்டாலும் கயிறு தளரும். யாராவது வாங்கிக்கொண்டாலும் தளரும்.

ஆராயி இழுத்துப் பார்க்கவில்லை. குடித்து முடிக்கட்டும் என்பதுபோல் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். வசந்தாமணி அவளருகில் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், போசி எப்படித் திரும்பி வந்தது என்பதை அவர் எனக்குச் சொன்னார். நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், கயிற்றை நீங்கள்தான் இழுக்க வேண்டும்.