கிறிஸ்மஸ் மர விறகு

நாடு விட்டு வந்த பிறகு மூன்று தைப்பொங்கல்கள் யோகராணிக்குப் பொங்காமலேயே போயிருந்தன. பிளாக்டவுனில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் மின்சார அடுப்பு. பால் பானையின் விளிம்புக்கு ஏறும் நேரம் பார்த்துக் கணவன் சிறிதரன் ஓடி வந்து சுவிச்சைக் குறைப்பான். அகப்பையை விட்டுத் துழாவி நுரையை அடக்குவான். "அடுப்புப் பழுதாப் போனால் வீட்டுக்காரன் எங்களை வீட்டை விட்டு எழுப்பிப் போடுவான்" என்பான். அடங்கிப்போன பாலைப் பார்த்து இருவரும் "பொங்கலோ பொங்கல்" என்று சொல்ல வேண்டும். அதுவும் பக்கத்து வீட்டுக்குக் கேளாமல். பொங்காத பொங்கலுக்குக் கூச்சல் ஒரு கேடா என்று அவளுக்கு வயிறு எரியும்.

எழுபத்தெட்டாம் ஆண்டுக் குளிர்காலத்தில் செவன் ஹில்ஸில் சொந்த வீடு வாங்கினார்கள். பின்வளவைக் கண்டவுடனேயே யோகராணி தீர்மானித்துவிட்டாள். வருகிற தைக்கு வெளியே கல் வைத்து, விறகு மூட்டி, பானை நாலு பக்கமும் வழிய வழியப் பொங்குவது. அந்த வீட்டிடம் அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மார்கழியில் சிறிதரன் ஒரு பைன் மரத்தைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு வந்தான். திருநீறு பூசுகிற வீட்டுக்குக் கிறிஸ்மஸ் மரம் எதற்கு என்று கேட்டால், மிஸ்டர் பென்டன் வருகிறாராம். பென்டன் அவனுடைய அலுவலகத்துத் தலைவர். அவர் இருமினால் இவன் கைலேஞ்சி நீட்டுவான். அவரும் மனைவியும் வந்தார்கள், கால் மணித்தியாலம் இருந்தார்கள், ஒரு வடையைப் பாதி கடித்து வைத்துவிட்டுப் போனார்கள். மரம் மட்டும் மூன்று கிழமை நின்று கூடம் முழுக்க ஊசியிலை கொட்டியது. கூட்டியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஜனவரி ஆறாம் திகதிக்குப் பிறகு மரத்தை வீட்டுக்குள் வைத்திருந்தால் கூடாது என்று சொன்னவரும் பென்டன்தான். ஆனால் காய்ந்த மரத்தைக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோனால் கார் முழுக்கப் பிசினாகும் என்று சிறிதரன் தயங்கினான்.

"அதை எனக்குத் தாங்கோ. பொங்கலுக்கு விறகாகும்" என்றாள் யோகராணி.

"தாராளமா எடும். எனக்கும் ஒரு வேலை மிச்சம்."

நாலு நாள் கைவாளால் அறுத்தாள். உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி உடைந்தது. விரலில் ஒட்டிய பிசின் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அறுத்ததையெல்லாம் பின்வளவுக் கொட்டிலின் தகரக் கூரையில் பரப்பிக் காய வைத்தாள். ஒரு சுள்ளியைக் கொளுத்தியும் பார்த்தாள். டர்பன்டைன் மணத்தோடு புகைந்து, பிறகு சடசடவென்று பற்றியது. பானைக்கு அடியில் எரிய அது போதும். மரத்தில் தொங்கிய சிவப்பு ரிப்பனாலேயே மூன்று கட்டாகக் கட்டிக் கொட்டிலுக்குள் அடுக்கினாள். பக்கத்தில் மூன்று செங்கல்லும் வைத்தாள்.

அந்த வருடம் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் மத்தியானம் பென்டன் வீட்டில் பாபகியூ, வெளியில் விறகு மூட்டி இறைச்சி வாட்டும் விருந்து; அலுவலக ஆண்களுக்கு மட்டும். யோகராணி குளித்துக்கொண்டிருந்தபோதே சிறிதரன் புறப்பட்டுவிட்டான். பின்னேரம் கோலம் போட இடம் கூட்டிவிட்டு விறகு எடுக்கப் போனாள். கொட்டிலுக்குள் செங்கல் மூன்றும் இருந்தன. விறகு ஒரு சுள்ளிகூட இல்லை.

கள்ளனோ என்றுதான் முதலில் நினைத்தாள். வீட்டுக்குள் தையல் மெஷின் இருக்க, ரேடியோ இருக்க, எந்தக் கள்ளன் பைன் விறகைத் தூக்குவான்? அந்த எண்ணம் முடிவதற்குள் கள்ளன் ஆரென்று விளங்கிவிட்டது.

சிறிதரன் வந்தபோது சட்டையெல்லாம் டர்பன்டைன் மணத்தது.

"விறகு எங்கை?"

"ஓ, அதோ? மிஸ்டர் பென்டன் காலமை போன் பண்ணினவர். விறகு முடிஞ்சுதாம். எங்களிட்டை இருக்கெண்டு நான்தான் சொன்னனான்."

"மூண்டு கட்டையுமோ குடுத்தனீங்கள்?"

"பாதி குடுத்தால் மரியாதையா இருக்குமே?"

"நல்லா எரிஞ்சுதோ?"

அவள் குரலைக் கவனித்திருந்தால் அவன் அப்போதே வாயை மூடியிருப்பான். சிரித்தான். "இல்லையப்பா, சரியான புகை. சொசேஜ் ஒண்டும் வாயிலை வைக்கேலாது. கடைசியிலை மிச்ச விறகை மிஸ்டர் பென்டன் குப்பையிலை எறிஞ்சு போட்டார். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு."

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை யோகராணிக்குத் தெரியும். இங்கே அந்தப் பிள்ளையார் தேங்காயைக் குப்பையிலும் எறிந்துவிட்டார். அவளுக்கு உச்சந்தலை கொதித்தது.

"மரமா வந்ததும் அவருக்காக. விறகாப் போனதும் அவருக்கோ? எனக்கெண்டு இந்த வீட்டிலை குப்பைகூட இல்லையோ?"

"கத்தாதையும், பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது. வேறை விறகு வாங்குவம்."

சனி மத்தியானத்தோடு பூட்டிய கடை திங்கள்தான் திறக்கும். இருந்த ஒரு வழியையும் அடைக்க வந்ததுபோல் இடியோடு மழை பிடித்தது. தெருமரத்தடியில் கிடந்த சுள்ளிகளும் நனைந்து போயின.

"அப்ப குசினியிலை பொங்குவம். எப்பவும் பொங்கிறதுதானே" என்று சொல்லிவிட்டு அவன் போய்ப் படுத்தான். குறட்டையும் விட்டான். அந்தக் குறட்டையைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

காலையில் குசினி ஜன்னலில் வெயில் விழ, யோகராணி பானையை அடுப்பில் வைத்தாள். வழக்கமாக ஊற்றும் பாலைவிட இரண்டு போத்தல் கூட ஊற்றினாள். கழுத்துவரை நிறைந்தது. சுவிச்சை முழுக்கத் திருப்பிவிட்டு அதன் முன்னால் நின்றாள். நுரை விளிம்பைத் தொட்டது. சிறிதரன் வழக்கம்போல அகப்பையோடு ஓடி வந்தான். அவள் அதை அவன் கையிலிருந்து பறித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தள்ளி நில்லுங்கோ."

"யோகம், இது வாடகை அடுப்பில்லை. எங்கடை சொந்த அடுப்பு!"

"ஓம், எங்கடை சொந்த அடுப்புத்தான். இனி எந்த வீட்டுக்காரன் வந்து எழுப்பப் போறான்?"

பால் பொங்கியது. நாலு பக்கமும் வழிந்தது. சிவந்த கம்பிச் சுருளில் விழுந்து சீறியது. வெள்ளை எனாமலில் பழுப்பாக ஓடி, தரையில் இறங்கி, சிறிதரனுடைய காலுறையை நனைத்தது. யோகராணி தொண்டை கிழியக் கத்தினாள்.

"பொங்கலோ பொங்கல்! பொங்கலோ பொங்கல்!"

வேலிக்கு அப்பால் ஒரு ஜன்னல் திறந்தது. சிறிதரன் அந்த ஜன்னலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், துணியை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

"துடையாதேங்கோ, காயட்டும்" என்றாள். சுவிச்சைக் குறைத்து, அரிசியை அள்ளிப் பானையில் போட்டாள்.

அவன் ஈரக் காலுறையோடு அப்படியே நின்றான். அவளுடைய கையில் கொப்புளம் உடைந்து கிடந்த இடத்தை அப்போதுதான் கண்டான் போலிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை.

"வாற மார்கழிக்கும் மரம் வாங்குங்கோ. பெரிசா வாங்குங்கோ. நீங்கள்தான் அறுக்கிறீங்கள்."

"ஓம்" என்றான் சிறிதரன்.