தவளைக்கு இரண்டு மூக்கு

பெட்டியைப் பிரித்ததும் எனக்கு முதலில் வந்தது சிரிப்பு, அடுத்தது கோபம். உள்ளே சாம்பல் நிறத்தில் இரண்டு ஃபைபர் துண்டுகள் இருந்தன. ஒன்று இடப்பக்கத்துக்கு, இன்னொன்று வலப்பக்கத்துக்கு. முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு, பின்பக்கம் சரிந்து சப்பையாக முடிந்தன. ஏர் ஸ்கூப்பாம். காரின் விலாவில் மாட்டினால், ஓடும்போது காற்றை அள்ளி உள்ளே தள்ளுமாம்.

"மனுஷனுக்கே மூச்சு விட முடியல. வண்டிக்கு ரெண்டு மூக்கு கேக்குதா?" என்றேன்.

என் கணவர் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், இருமினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார். அது தெரிந்தும் சிரிக்க வைக்கிற வாய் என்னுடையது. என்ன செய்ய, இருக்கிற வாய் அது ஒன்றுதான்.

அவர் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அடித்தவர் என்று சொல்ல வேண்டும், இன்னும் எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து ஸ்பிரே கன் பிடித்த கை. முகமூடி மட்டும் போடவே மாட்டார். போட்டால் வாசனை தெரியாதாம், தின்னர் கூடியதா குறைந்ததா என்று மூக்குதான் சொல்லுமாம். நான் கத்தாத நாள் இல்லை. அதே பட்டறையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் பட்டி பார்ப்பதும் என் வேலை. முகமூடி இல்லாமல் நான் ஒருநாளும் தேய்த்ததில்லை. அதனால் இன்று நான் மூட்டை தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறேன், அவர் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நுரையீரல் இறுகிவிட்டது, இதற்கு மேல் மருந்து இல்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கதவைத் திறந்து நான் வெளியே வந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வீட்டுக்குப் போலாம்" என்றார். அவ்வளவுதான் அதைப்பற்றி நாங்கள் பேசியது.

இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கிறது. அதன் குழாயை மூக்கில் செருகி, நழுவாமல் இருக்க இரண்டு கன்னத்திலும் டேப் ஒட்டிக்கொள்வார். ஒட்டுவதும் அவர்தான், பிரிப்பதும் அவர்தான். வந்துபோகும் நர்ஸ் கை வைத்தால்கூடத் தட்டிவிடுவார். பட்டறைச் சட்டம் அது. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் கண்ணாடி, கைப்பிடி, விளக்கு என்று படக்கூடாத இடத்திலெல்லாம் பேப்பர் வைத்து டேப் போடுவோம். எந்த முனையில் தொடங்கினோம், எங்கே மடித்தோம் என்பது ஒட்டின ஆளுக்குத்தான் தெரியும். வேறொருவர் இழுத்தால் புதுப் பெயின்டும் சேர்ந்து உரிந்துகொண்டு வரும். அதனால் ஒட்டின ஆள்தான் பிரிக்க வேண்டும். ஒருமுறை அவர் ஒட்டியதை நான் அவசரப்பட்டு இழுத்து, கதவோரம் நகம் அளவுக்கு உரிந்துவிட்டது. அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. எனக்கும் அது புத்திக்கு ஏறிவிட்டது.

காருக்கு நாங்கள் வைத்த பெயர் தவளை. பச்சை நிறம், தரையோடு தரையாகக் குந்திய உருவம், இரண்டே பேர் உட்காரலாம். விபத்தில் நசுங்கிக் கிடந்ததை வாங்கி வந்து, ஓய்ந்த நேரத்திலெல்லாம் தட்டித் தட்டி நிமிர்த்தினார். எஞ்சின் முன்னால் இல்லை, எங்கள் முதுகுக்குப் பின்னால். அதற்குக் காற்று போக கதவுகளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு துவாரம். அந்தக் காற்று அதற்குப் போதவில்லை. ஊருக்கு வெளியே மலைப்பாதை இருக்கிறது. மேலே பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு கைப்பிடிச் சுவரும் டெலிபோன் கோபுரமும்தான். ஆனால் தவளையை ஒருதடவை அங்கே ஏற்றிவிட வேண்டும் என்பது அவருடைய பைத்தியம். போகும்போதெல்லாம் தண்ணீர்த் தொட்டி வளைவு வந்ததும் சூடு ஏறி, பின்னாலிருந்து ஆவி கிளம்பிவிடும். திரும்பி வருவோம். நான் கேலி செய்வேன்.

"ஸ்கூப் போட்டா ஏறிடும்" என்றார் இப்போது.

"ஏறி என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நிறுத்திட்டு, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரலாம்."

"கட்டில்லயே உக்கார முடியல. மலையில போயி உக்காரணுமா?"

"நெஞ்சுதான் போச்சும்மா. கையும் தலையும் அப்படியேதான் இருக்கு. ஒரே ஒருதடவை."

அந்த 'ஒரே ஒருதடவை'யைச் சொன்ன குரலில் கெஞ்சல் இருந்தது. அவர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. சரி என்றேன்.

ஸ்கூப் பச்சை நிறத்துக்கு வர வேண்டும். பெயின்ட் வாசனை அவர் பக்கமே போகக்கூடாது. ஆனால் அந்தப் பச்சையைக் கலக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஸ்கூப்பைத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் அடிப்பதும், நிறம் ஒத்துப்போக தவளையின் விலாவுக்கும் ஒரு கோட் கொடுப்பதும் என் பொறுப்பு. டேப் ஒட்டுகிற வேலை அவருக்கு. சின்ன சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து தவளையைச் சுற்றிச் சுற்றி ஒட்டினார். துவாரங்களுக்கு மேலோடு ஒட்டினால் ஓரத்தில் கோடு விழும் என்று, பேப்பரை உள்ளே ஆழமாகத் தள்ளி, சுவரோடு சுவராக டேப்பை அழுத்தி ஒட்டினார். ஒரு சுருக்கம் இல்லை. முன்பு சிகரெட் பிடித்துக்கொண்டே செய்கிற வேலையை இப்போது மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நிறுத்திச் செய்தார். ஆனால் முகத்தில் பழைய களை வந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நோய் வந்த நாளிலிருந்து அவரை அவ்வளவு ஆசையாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பெயின்ட் அடிக்கும்போது அவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம், மூடிய கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான் முகமூடியும் கையுறையுமாக. கறுப்பு ஒரு சொட்டு என்று விரலைக் காட்டுவார். நான் ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, ஒரு தகரத்தில் தடவித் தூக்கிக் காட்டுவேன். தலையை ஆட்டுவார். இன்னொரு சொட்டு. கடைசியில் கட்டை விரலைத் தூக்கினார். நான் அடிக்க ஆரம்பித்ததும் கண்ணாடிக்குப் பின்னால் அவர் மணிக்கட்டும் சேர்ந்து அசைந்தது. நான் வேகமாகப் போனால் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்துவார், மெதுவா, மெதுவா. ஸ்கூப்புக்குப் பின்னால் இருட்டாகத் தெரிய வேண்டும் என்பதால் துவாரங்களுக்குள் கறுப்பு அடிக்கச் சொன்னார். அதையும் அடித்தேன்.

காய்ந்தபிறகு, வாசனை அடங்கியதும், டேப் பிரிக்க அவரே கொட்டகைக்குப் போனார். நான் கூடப் போகவில்லை. அது அவர் வேலை. திரும்பி வந்தபோது கையில் பேப்பரும் டேப்புமாகக் கசக்கிய பந்து இருந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, ஒரு மணிநேரம் படுத்திருந்தார்.

ஸ்கூப்பை மாட்ட என் கொழுந்தன் வந்தான். அவருக்குத் தம்பி, மெக்கானிக், ஸ்க்ரூ முடுக்குகிற நேரத்தைவிட வாய் பேசுகிற நேரம் அதிகம்.

"இதெல்லாம் ஷோவுக்குண்ணே. காது குத்துன மாதிரி அழகா இருக்கும், அவ்வளவுதான்" என்றான்.

"நீ மாட்டுடா முதல்ல."

"உள்ள பேப்பரெல்லாம் பிரிச்சாச்சா?"

"நேத்தே பிரிச்சாச்சு. எனக்கே சொல்லித் தர்றியா? வேலையப் பாரு."

அண்ணன் பிரித்தேன் என்றால் பிரித்ததுதான். தம்பி குனிந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. இரட்டைப் பக்க டேப்பைப் போட்டு ஒட்டி, மேலும் கீழும் ஸ்க்ரூ முடுக்கினான். எட்ட நின்று பார்த்தால் உண்மையிலேயே நன்றாக இருந்தது. தவளை கன்னத்தை உப்பிக்கொண்டு எதையோ சொல்லப் போவதுபோல் இருந்தது. எனக்கே மேலே போக ஆசை வந்துவிட்டது.

வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பினோம். சின்ன சிலிண்டர் என் கால்களுக்கு நடுவில், அதிலிருந்து குழாய் அவர் மூக்குக்கு. போய்வர அது தாங்கும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும் என்று கொழுந்தன் கணக்குச் சொல்லியிருந்தான். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்த விதத்தைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கியர் மாற்றும்போது பாட்டு மாதிரி ஏதோ முனகினார். மலை அடிவாரம் தாண்டியது. முதல் வளைவு, அடுத்த வளைவு. மூன்றாவதில் அவர் முனகல் நின்றது.

சூட்டைக் காட்டும் முள் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி வளைவு இன்னும் எங்கேயோ இருக்கிறது. பழைய துவாரத்தோடு வந்த நாளில்கூட இங்கே முள் அசையாது.

"என்ன இது... இப்ப காத்து நல்லா போகணுமே" என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும், "இவ்வளவு பெரிய வாய் வெச்சிருக்கேன்."

பின்னாலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. அப்புறம் ஆவி. வண்டியை ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். அணைத்தபிறகுதான் அவருடைய மூச்சுச் சத்தம் கேட்டது. எஞ்சின் இரைச்சலில் இவ்வளவு நேரம் அது எனக்குக் கேட்காமல் இருந்திருக்கிறது.

நான் இறங்கி, எனக்குத் தெரிந்தமட்டும் பார்த்தேன். ஸ்கூப்பின் வாயில் கையை விட்டேன். மணிக்கட்டு வரை போனது. விரல் நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. தகரம் இல்லை, மெத்தென்று இருந்தது. ஃபோன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். கறுப்பாக ஒரு சுவர். நான் அடித்த கறுப்பு. அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதுதான்.

நான் வேறு பெண்ணாக இருந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் உள்ளே உட்கார்ந்திருப்பேன். ஸ்கூப் விற்றவனைத் திட்டியிருப்பேன். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. எனக்கு வந்தது ஆத்திரம். அவர் மேலா, டாக்டர் மேலா, போடாத முகமூடி மேலா, தெரியவில்லை. பேப்பரைக் கிழித்து இழுத்தேன். இரண்டையும் கொண்டுபோய் அவர் மடியில் போட்டேன்.

"பாருங்க. உங்க வேலை."

எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். டேப்பின் ஓரத்தை விரலால் நீவினார்.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"நான் பிரிக்கலையா?"

"இல்ல."

"பிரிச்சது ஞாபகம் இருக்கே. இந்தக் கையால இழுத்தேன். சர்ருன்னு சத்தம்கூடக் கேட்டுது." வலது கையைத் தூக்கி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நல்லா ஞாபகம் இருக்கு."

ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறைய மறதி வரும், நடக்காதது நடந்ததுபோல் தோன்றும் என்று டாக்டர் அதையும் சொல்லித்தான் இருந்தார். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பேப்பரைத் திரும்ப அதே இடத்தில் வைத்து ஒட்டிவிட முடிந்தால் ஒட்டியிருப்பேன்.

"இப்ப காத்து போகும். ஆறினதும் மேல போயிடலாம்" என்றேன்.

அவர் என் சீட்டுக்கு முன்னால் இருந்த சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எஞ்சின் ஆறுகிறவரை உட்கார்ந்து மேலே ஏறினால், இறங்குவதற்கு மூச்சு இருக்காது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. சாவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு."

தவளையை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை, எனக்கும் கொடுத்ததில்லை. இடம் மாறி உட்கார்ந்தோம். பின்னுக்கு உருளவிட்டு வண்டியைக் கீழ்ப்பக்கம் திருப்பி, எஞ்சினைப் போடாமலே சரிவில் உருட்டிக்கொண்டு இறங்கினேன். அடிவாரத்தில் சாவியைத் திருப்பினால் சமர்த்தாகக் கிளம்பியது. இரண்டு பக்கமும் காற்று ஸ்கூப்புக்குள் புகுந்து ஊதுகிற சத்தம் கேட்டது. முள் இறங்கி, நடுவில் வந்து, அங்கேயே நின்றது. இந்த வண்டியில் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. அவரும் பார்த்திருப்பார். முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். மடியில் அந்தப் பேப்பர்கள் அப்படியே இருந்தன.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார வைத்தேன். மெஷினைப் போட்டேன். உறுமத் தொடங்கியது. சின்ன சிலிண்டரின் குழாயை எடுத்துவிட்டு மெஷின் குழாயை மாட்ட வேண்டும். வழக்கம்போல நான் தள்ளி நின்றேன். கன்னத்து டேப்புக்குக் கையைக் கொண்டுபோனார். விரல் அங்கே இங்கே தடவியது. அப்புறம் கையை மடியில் போட்டுக்கொண்டார்.

"எந்த முனையில ஆரம்பிச்சேன்னு தெரியல. நீயே பிரிச்சிடும்மா" என்று கன்னத்தை என் பக்கம் திருப்பினார்.

மெதுவாகத்தான் இழுத்தேன். இருந்தும் கொஞ்சம் தோல் சேர்ந்து வந்தது. அவர் அடுத்த கன்னத்தைத் திருப்பினார்.