முந்தி ஓடிய கடிகாரம்

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் காய்கறி லோரி வந்து நிற்கும் சத்தம் புனிதாவுக்குக் கேட்டது. தம்பி குருதான். ஆறு வருஷமாக பண்டமாரான் ஊரிலுள்ள இந்த வீட்டுப் படியை மிதிக்காதவன். சாவுக்குமா வராமல் இருப்பான்? வந்துவிட்டான். ஆனால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே விஜயன் சித்தப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டான்.

“மூஞ்ச பாத்துட்டுப் போயிடறேன் சித்தப்பா. கொள்ளி மட்டும் என்னை வைக்கச் சொல்லாதீங்க.”

“ஒரே மகன்டா நீ! நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கணும். வேற யாரு வைப்பா?”

“அம்மா உயிர் போறப்ப பக்கத்துல உக்காந்து குறட்டை விட்டாருல்ல? அந்த மனுசனுக்கு நான் எதுக்கு வைக்கணும்?”

அவன் சொன்னது பொய்யாக இருந்தால்தானே மறுப்பதற்கு!

அப்பா சபாபதி, துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். சாயங்காலம் ஏழு மணியானால் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகிவிடும். புனிதா பள்ளியில் பரிசு வாங்கிய அன்றும் தூங்கினார், அவள் கல்யாண விருந்திலும் மேசையில் தலை வைத்துத் தூங்கினார். ஒரு சொட்டுக்கூட வாயில் படாத மனிதருக்குக் குடிகாரன் என்று பெயர் வந்தது. விடியற்காலை மூன்றே காலுக்கு அவர் எழுந்து உட்கார்ந்திருப்பதை யார் பார்த்தார்கள்? அம்மா பவுனம்மாள் ஆஸ்பத்திரியில் இரவு எட்டரை மணிக்கு அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதும் நாற்காலியில் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். விழித்தபோது அவள் இல்லை. அன்றோடு குரு அப்பாவிடம் பேச்சை நிறுத்தினான்.

இதில் பெரிய கொடுமை புனிதாவின் வேலைதான். அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தச் சின்ன ஈ எப்போது தூங்குகிறது, எப்போது விழிக்கிறது, அதற்கு எந்த ஜீன் காரணம் என்று பல்கலைக்கழக லேப்பில் பதினோரு வருஷமாக ஆராய்கிறவள் அவள். ஈக்களின் தூக்கத்தை நிமிஷக் கணக்கில் குறித்து வைத்தவளுக்கு, சொந்த அப்பாவின் தூக்கத்துக்கும் ஜீன் காரணமாக இருக்கலாம் என்று போன தீபாவளிக்குத்தான் உறைத்தது. அவர் எச்சிலை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தாள். மூன்று வாரத்துக்கு முன் முடிவு வந்தது. ஒரு தடவை வந்ததை நம்பி வாய் திறக்கக் கூடாது, மறுபடியும் செய்து பார்க்க வேண்டும் என்பது லேப் பழக்கம். இரண்டு நாளைக்கு முன் அப்பா போனில் கேட்டார்: “என்னம்மா, வந்துருச்சா? என் மேல தப்பு இருக்கா?” “வெள்ளிக்கிழம சொல்றேன்பா” என்றாள். இன்று புதன். விடிகாலையில் நெஞ்சு வலி வந்து அவர் போய்விட்டார்.

குருவைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“அப்பா வேணும்னு தூங்கலடா. என் லேப்புல ஒரு வகை ஈ இருக்கு. அதுக்கு ஒரு நாளுங்கறது பத்தொன்பது மணி நேரந்தான். பொறப்பே அப்படி. ஒரு ஜீன்ல ஒரு சின்ன மாத்தம், அவ்ளோதான். அந்த ஜீன் மனுசனுக்கும் இருக்கு. அப்பாவுக்கும் அதுல ஒரு மாத்தம், அவரு ஒடம்புக் கடிகாரம் முந்தி ஓடிருக்கு. நமக்கு நடுராத்திரி எப்படியோ, அவருக்கு ஏழு மணி அப்படி.”

“அப்பாவ ஈன்னு சொல்றியாக்கா?”

“விளையாடாதடா. ரிப்போர்ட் போன்ல இருக்கு. காட்டவா?”

அவன் போனைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான்.

“இத அவருகிட்ட சொன்னியா?”

“இல்லடா. ரெண்டாவது டெஸ்டு வரட்டும்னு இருந்தேன்.”

“நல்லா படிச்சீங்க லா” என்றான் குரு.

அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பாள்.  தம்பி அப்பாவை வெறுத்ததுகூடப் போகட்டும். அந்த மனிதர் தன்னைத் தானே வெறுத்துக்கொண்டல்லவா செத்தார்! ஒரு போன், அரை நிமிஷம், அதைப் பேசியிருக்கக் கூடாதா அவள்? சுவரில் சாய்ந்து அழுதாள்.

குரு அவளை அழ விட்டான். பிறகு சொன்னான்: “ஜீனாவது கீனாவது. பொண்டாட்டி சாகக் கெடக்குறப்ப எவனுக்கு தூக்கம் வரும்? இன்னிக்கு ராத்திரி பூரா இவரு பக்கத்துல கண்ணு முழிச்சு உக்காந்து காட்டறேன். மனுசன் நெனச்சா முடியும். அப்புறம் கொள்ளியப் பத்தி என்கிட்ட பேசாத.”

சவப்பெட்டி வந்தது. அப்பாவைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டிக் கூடத்தில் வைத்தார்கள். ஏழு மணிக்குத் தேவாரம் பாட ஆட்கள் வந்தார்கள். குரு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தான். ஏழரைக்கு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தான். இரண்டு கிளாஸ் கோப்பி குடித்தான். எட்டு மணிக்கு அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாய் திறந்துகொண்டது.

“அங்க பாரு, அப்பன மாதிரியே” என்றாள் பக்கத்து வீட்டு மலர்.

சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு அவன் தோளை உலுக்கப் போனார். புனிதா குறுக்கே கையை நீட்டினாள்.

“எழுப்பாதீங்க சித்தப்பா. அவனால முடியாது.”

இந்த வார்த்தையை அப்பாவுக்காக யாரும் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. அவளும்தான். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, தம்பியின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சித்தப்பா பாயை விரித்து முடங்கினார்.

மூன்று மணி தாண்டியதும் குரு கண்ணைத் திறந்தான். யாரும் எழுப்பவில்லை.

“எப்பக்கா தூங்குனேன்?”

“எட்டு மணிக்கு.”

அவன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். “இருபது வருசமா காய்கறி ஏத்த இந்நேரத்துக்கு எந்திரிக்கிறேன். அலாரம் வெச்சதே இல்ல. எல்லாரும் கஷ்டப்படுவானுங்க, எனக்கு மட்டும் இந்த வேல சொகமா இருக்கும். பழக்கம்னு நெனச்சிட்டேன்.”

புனிதா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். 

அவன் எழுந்து நாற்காலியை அப்பாவின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தான்.

“கொள்ளி நானே வைக்கிறேன். விடிஞ்சதும் சித்தப்பாகிட்ட சொல்லிடு.” சற்றுப் பொறுத்து, “நீ போயி படுக்கா. இது எங்க ரெண்டு பேரு நேரம்” என்றான்.

புனிதா உள்ளே போனாள். கூடத்தில் குரு அப்பாவிடம் மெல்லிய குரலில் பேச ஆரம்பிப்பது கேட்டது. அவள் கதவைச் சாத்தினாள்.