முப்பத்திநான்காவது எழுத்து

மாத்திரை மூன்று மணிக்கு. கடிகாரம் இரண்டு நாற்பத்திரண்டு காட்டியது.

மருத்துவமனையின் கீழ்த்தளத்து மரபணு லேபில் தங்கை அண்ணனுக்காக ஒரு வரைபடத்தை அச்சிட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாவது மாடியில் நுரையீரல் புற்றுநோயோடு படுத்திருந்த அவன் லிஃப்ட் மெக்கானிக். சர்க்யூட் டயகிராம் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன் என்று நேற்று அடம்பிடித்திருந்தான்.

"செல்லுக்குள்ள ஒரு சுவிட்ச் இருக்குண்ணா," என்று அவள் விளக்கியிருந்தாள். "குவானின் நியூக்ளியோடைடுன்னு ஒரு சரக்கு. மூணு பாஸ்பேட் வாலோட வந்து ஒட்டினா சுவிட்ச் ஆன். ஒரு வால் கழண்டா ஆஃப். உனக்கு வால் லேசுல கழல மாட்டேங்குது. செல் வளர்ந்துக்கிட்டே இருக்கு."

"பேரு வாயில நுழையல. ஆனா விஷயம் புரியுது. பட்டன் உள்ளேயே மாட்டிக்கிச்சு."

"அதேதான். எப்பவாவது ஒண்ணு கழண்டு ரெண்டு வால் இருக்கிற நேரமாப் பார்த்து இந்த மாத்திரை சுவிட்சைப் பூட்டிடும். அது பிடிச்சுக்க ஒரு கொக்கி வேணும். உனக்கு இருக்கு."

"வாழ்க்கையில முதல் தடவையா ஒரு டெஸ்ட்ல பாஸ்," என்று அவன் பெருமையடித்தான். மூன்று வாரத்தில் முதல்முறையாக அண்ணி சிரித்தாள்.

அந்தக் கொக்கியின் பெயர் சிஸ்டீன். ரிப்போர்ட்டில் G12C. புரதத்தின் பன்னிரண்டாம் இடத்தில் கிளைசின் போய் சிஸ்டீன் வந்திருக்கிறது என்று அர்த்தம். எழுதியவள் அவள்தான். கருவி மரபணுவில் மாறிய எழுத்தை மட்டும் சொல்லும். புரதத்தில் என்ன மாறியது என்பதை ஆள்தான் அட்டவணை பார்த்து எழுத வேண்டும். சொந்தக்காரர் சாம்பிளைத் தொடக்கூடாது என்பது லேப் விதி. அண்ணனுடையதை அவள் கேட்டு வாங்கியிருந்தாள்.

தாள் வெளியே வந்தது. மாறிய இடத்தை அண்ணனுக்குக் காட்ட வட்டம் போடப் போனாள். கை நின்றுவிட்டது.

34: G > C.

மரபணுவுக்கு நான்கே எழுத்து. அங்கே G என்றால் குவானின், C என்றால் சைட்டோசின். புரதத்துக்கு இருபது எழுத்து. அங்கே அதே G கிளைசின், அதே C சிஸ்டீன். இதில் ஏமாந்துவிடாதீர்கள் என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் பதினோரு வருடமாக ஓதிக்கொண்டிருந்தவளே அவள்தான். ஒரு வாரமாக C வரணும், C வரணும் என்று தவித்த கண்ணுக்கு ஒரு C தட்டுப்பட்டதும், அட்டவணையைப் பார்க்காமலேயே கை எழுதிவிட்டது. அவள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று லேப் சீஃபும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது அட்டவணையைப் புரட்டினாள். மரபணுவில் மூன்று எழுத்து சேர்ந்தால் புரதத்தில் ஒன்று; முப்பத்திநான்கில் தொடங்குவதுதான் அந்தப் பன்னிரண்டாம் இடம். அங்கே GGT என்பது CGT ஆகிவிட்டால் வருவது ஆர்ஜினின், சுருக்கமாக R. கொக்கியே கிடையாது.

வார்டுக்கு போன் போட்டாள். பிஸி. மறுபடியும் பிஸி. இரண்டு ஐம்பத்தொன்று.

பேசாமல் இருந்துவிட்டால்? ஆறு வாரம் கழித்து ஸ்கேன் எடுப்பார்கள். மருந்து கேட்கவில்லை என்று கையை விரிப்பார்கள். முப்பத்திநான்காவது எழுத்தை யாரும் தோண்டப் போவதில்லை. அந்த ஆறு வாரமும் கட்டி மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும்.

தாளைப் பறித்துக்கொண்டு படியேறி ஓடினாள்.

அண்ணன் உள்ளங்கையில் மாத்திரை. நர்ஸ் கையில் தண்ணீர். டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சயின்டிஸ்ட். திறப்பு விழாவுக்குக் கரெக்டா வந்துட்டீங்க," என்றான் அண்ணன்.

"அதப் போடாதண்ணா." மூச்சு வாங்கியது. "'சி' இல்ல டாக்டர், 'ஆர்'. நான் தப்பா எழுதிட்டேன்."

டாக்டர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். "சீஃப் கையெழுத்து இருக்கேம்மா?"

"என்னை நம்பிப் போட்டது."

"நிச்சயமாத் தெரியுமா?" அண்ணியின் குரல் தணிந்துதான் இருந்தது. "நேத்தும் நிச்சயமாத்தான சொன்ன?"

"வேற ஆள் பார்க்கட்டும் அண்ணி. நான் தொடல. அதுவரைக்கும் இது வேணாம்."

அண்ணன் மாத்திரையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "கொக்கி இல்லையா?"

"இல்லண்ணா."

மாத்திரையை நர்ஸின் தட்டில் வைத்தான். "வேற என்ன வழி டாக்டர்?"

"ஊசி மருந்து. படுத்தும். லேப்ல உறுதி பண்ணிட்டா நாளைக்கே ஆரம்பிக்கலாம்."

"முடி கொட்டுமா?"

"கொட்டலாம்."

"பாதி ஏற்கெனவே ராஜினாமா பண்ணிடுச்சு. மீதியும் போகட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். நாத்தனார் முகத்தைப் பார்க்கவில்லை.

"போ," என்றாள். "நாளைக்கு ஊசி போடணும்ல. போய் சரியா எழுதிக் குடுக்கச் சொல்லு. யாரு தப்புன்னும் எழுது."

தங்கை கீழே இறங்கினாள். சீஃபின் அறைக் கதவு திறந்திருந்தது. தட்டாமலே உள்ளே போனாள்.