இரட்டை வண்டியில் ஒரு பிள்ளை

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் காந்திபுரத்தில் ஒரு கடையில் ஒட்டுக்கேட்டுத்தான் எடுத்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் துணி வாங்கப் போயிருந்தேன். பரிசுத்தாள் சுற்றித் தருகிறவர் டீ குடிக்கப் போய்விட்டதால், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். எதிரே ஒரு பெண், அவள் கணவன், இன்னொரு நடுவயதுப் பெண்மணி. நடுவில், இரண்டு பிள்ளைகளைப் படுக்கவைத்துத் தள்ளுகிற வண்டி. பெண்ணின் தோளில் ஒரே ஒரு பிள்ளை.

மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ச் சண்டை வெளியூர்க்காரர்களுக்குச் சண்டையாகவே தெரியாது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு ‘ங்க’ போட்டுத்தான் வெட்டுவோம். டவுன் பஸ்களின் ஹாரனில் பாதி காணாமல் போய், என் காதுக்கு முழுசாக வந்தது இரண்டே வாக்கியம். கணவனின் சட்டைப் பையிலிருந்து ஓர் ஆஸ்பத்திரி பாஸ் எட்டிப் பார்த்தது. ‘பச்சிளங்குழந்தைகள் பிரிவு’ என்று போட்டிருந்தது. இவையும், கண்ணால் பார்த்த ஒரு காட்சியும்தான் என் கைமுதல். பேர்கள் உட்பட மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பத்திரிகை ஆசிரியர் கிருபாசங்கரின் போன்.

“அக்கா, நம்பிக்கைச் சிறப்பிதழ் போடறோமுங்க. ஒரு கதை வேணுமுங்க. ஒரே ஒரு வேண்டுகோளுங்க.”

“சொல்லுங்க.”

“இந்தத் தடவை யாரையும் கொன்னு போடாதீங்க.”

எனக்கு அப்படி ஒரு பேர் இருக்கிறது. என் கதையில் யாராவது இருமினால், வாசகர்கள் மாலை வாங்கக் கிளம்பிவிடுவார்களாம்.

2

முதல் வரி எழுதுவது எப்போதும் எனக்குப் பெரும்பாடு.

[காந்திபுரம் மேம்பாலத்தின் மேல் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்த]

மேம்பாலத்துக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.

[லின்சிக்கு அன்று காலையிலிருந்தே இடது கண் துடித்துக்கொண்டு]

பெண்களுக்கு இடது கண் துடித்தால் நல்லது. அதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கு என்ன வேலை?

கடைசியில் எழுதியது இது: லின்சிக்கு இரட்டைப் பிள்ளைகள். பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். பெண் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

இதை அடிக்க மனம் வரவில்லை. எழுதிவிட்டு எழுந்துபோய், காய்ந்த துணியை எல்லாம் மடித்து வைத்தேன். நான் துணி மடிக்கிற ஆள் இல்லை என்பது என் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

3

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். லின்சி கிணத்துக்கடவுப் பக்கத்துப் பெண். ராமநாதபுரத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். கணவன் ரூபன், பீளமேட்டில் பம்ப்செட் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன். கூட வந்திருக்கிறவள் ரூபனின் அக்கா விமலாராணி. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக் குழுவில் முதல் வரிசை.

பிள்ளைகள் இரண்டும் நாளுக்கு ரொம்ப முன்னாலேயே பிறந்துவிட்டன. பையன் ஷெர்வின் எப்படியோ தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். பெண் அவனைவிடச் சின்னவள். கண்ணாடிப் பெட்டிக்குள், மிஷின் தருகிற மூச்சில் இருக்கிறாள். டாக்டர் தினமும் “பார்க்கலாமுங்க” என்கிறார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு லின்சி ஒரு நாளை ஓட்டுவாள், ரூபன் ஒரு நாளைக் கழிப்பான். இரண்டும் ஒன்று இல்லை.*

* இந்த ரூபனை நான் முதலில் கஞ்சனாக எழுதினேன். இரட்டை வண்டி வேண்டாம், ஒற்றை போதும் என்கிற கணவன். கஞ்சன் என்று போட்டால் வேலை சுலபம், வாசகருக்கும் திட்ட ஓர் ஆள் கிடைக்கும். ஒரு பக்கம் எழுதிய பிறகு எனக்கே பிடிக்கவில்லை. அவன் கஞ்சன் இல்லை, பயந்திருக்கிறான். இரண்டு இருக்கை உள்ள வண்டி வீட்டுக்கு வந்து, ஒன்று காலியாகவே நின்றுவிட்டால், அதைத் தினமும் பார்க்க வேண்டியவன் அவன்.

லின்சிக்கு அந்தப் பயம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஒற்றை வண்டி வாங்கினால், தன் வாயாலேயே டாக்டருக்குப் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைக்கிறாள். நான் அவள் பக்கம். எழுதுகிறவள் பக்கம் சாயக்கூடாது என்பார்கள். சாய்ந்துதான் இருக்கிறேன்.

4

கடையில் வண்டி காட்டுகிறவள் பெயர் ஜாஹிதா.

“ட்வின்ஸுங்களா?” என்று கேட்டாள்.

“ஆமாங்க,” என்றாள் லின்சி.

“இப்போதைக்கு ஒண்ணுதானுங்க,” என்றான் ரூபன்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஜாஹிதா இருவரையும் பார்த்துவிட்டு, விமலாராணியைப் பார்த்தாள். விமலாராணி ஃபீடிங் பாட்டில் அடுக்கைப் பார்த்தாள். வியாபாரம் தெரிந்த ஜாஹிதா மேற்கொண்டு கேட்காமல் இரண்டு வண்டிகளை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

ஒன்று, பிள்ளைகள் பக்கம் பக்கமாகப் படுக்கிறது. அகலம். கொஞ்சம் அசடு மாதிரி இருந்தது. இன்னொன்று ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். ஒடிசல், பார்க்க அழகு. ஜாஹிதா அழகானதைத் தட்டிக் காட்டினாள்.

“இதுதானுங்க இப்ப நெறையப் பேரு வாங்கறாங்க. சந்து பொந்தெல்லாம் போகுமுங்க. பின்னாடி சீட்டு வேண்டாம்னா கழட்டி வெச்சுக்கலாமுங்க. ஒரு கிளிப்புதான்.” கழற்றியே காட்டிவிட்டாள். சத்தம்கூட வரவில்லை.

ரூபனின் முகம் முதல்முறையாகத் தெளிந்தது. சண்டைக்கு ஒரு நடுவழி கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பான், பாவம்.

“இது நல்லாருக்குது லின்சி. இப்ப ஒண்ணை வெச்சு ஓட்டிக்கலாம். பின்னாடி எடத்துல பை, பால் பாட்டில், ஏதாச்சும் வெச்சுக்கலாம். அப்பறம் தேவைன்னா மாட்டிக்கறது.”

தேவைன்னா. [இந்த இடத்தில் லின்சி அழுததாக ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் அழுதிருந்தால் ரூபன் ஜெயித்திருப்பான்.]

லின்சி பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். புருஷனைப் பார்க்காமல் ஜாஹிதாவைப் பார்த்துச் சொன்னாள்:

“கழட்டற மாதிரி வேண்டாங்க.”

நான் காதால் கேட்ட இரண்டு வாக்கியங்களில் இது முதலாவது. பரிசுத்தாள்காரர் டீ குடித்துத் திரும்பி வந்து, என் பொட்டலத்தைக் கையில் கொடுத்திருந்தார். நான் எழவில்லை.

5

லின்சி அகல வண்டியை இழுத்து, ஷெர்வினை இடது பக்கம் படுக்கவைத்தாள். தள்ளிப் பார்க்கலாம் என்று கைப்பிடியில் கை வைத்ததும் விமலாராணி மறித்துவிட்டாள்.

“இரு கண்ணு. வெறும் சீட்டைத் தள்ளாத.”

இங்கே ஒரு கட்டுரை எழுதியே ஆகவேண்டும், மன்னிக்கவும். எங்கள் பக்கம் வெறும் தொட்டிலை ஆட்டமாட்டார்கள். ஆட்டினால் பிள்ளைக்கு வயிற்றுவலி வரும் என்பார்கள். சொல்லப் பிடிக்காத வேறு காரணமும் உண்டு. பிள்ளையை முதன்முதலில் தொட்டிலில் போடும்போதுகூட, அம்மிக் குழவியைப் போட்டு எடுத்துவிட்டுத்தான் பிள்ளையைப் போடுகிற வீடுகள் இருக்கின்றன. விமலாராணியிடம் கேட்டால் பைபிளில் அப்படி ஒன்றும் இல்லை என்று அவளே சொல்வாள். சொல்லிவிட்டு, காலித் தொட்டிலை நீங்கள் தொட்டால் கையைத் தட்டிவிடுவாள். அது சக்கரம் வைத்த தொட்டிலாக இருந்தாலும் சரி.

ஆக, வலது பக்கம் ஏதாவது வைக்க வேண்டும். விமலாராணியின் பையில் லின்சி அப்பா தோப்புத் தேங்காய் இருந்தது. எடுத்தாள். எடுத்தவளே திரும்பப் போட்டுக்கொண்டாள். உடைக்கிற பொருளைப் பிள்ளை இடத்தில் வைப்பார்களா? ஜாஹிதா உதவி செய்கிறேன் என்று ஒரு பெரிய பொம்மையைக் கொண்டுவந்தாள்.

“பொம்மை வேண்டாங்க,” என்றாள் லின்சி.

பையை வைக்கலாம். ஆனால் அது ரூபன் சொன்ன பை. அதை அந்த இருக்கையில் வைக்க யாருக்கும் கை எழவில்லை. ரூபனுக்கும்தான்.

நானும் இங்கே மாட்டிக்கொண்டேன். [அரிசிப் பை] [சுருட்டிய துண்டு] [ஜாஹிதாவின் கைப்பை] என்று எழுதி எழுதி அடித்தேன். நான் வைத்தது ஒன்றுகூட அங்கே நிற்கவில்லை.

ஆனால் அடுத்தது நான் எழுதியது இல்லை, கண்ணால் பார்த்தது.

நான் ரூபன் என்று பேர் வைத்த அந்த மனிதர் குனிந்தார். வலது உள்ளங்கையை அந்தக் காலி மெத்தை மேல் வைத்தார். அழுத்தவில்லை, தடவவில்லை. சும்மா வைத்துக்கொண்டார். [கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். கைகழுவி, அதன் வழியாகக் கையை விடலாம். தடவினால் இந்தச் சின்னப் பிள்ளைகளுக்குத் தாங்காது, கையை மேலே வெறுமனே வைத்திருங்க அண்ணா என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருப்பார். ரூபன் தினமும் வேலை முடிந்து போய் அப்படித்தான் வைத்துக்கொண்டு நிற்கிறான். இது என் சேர்க்கை. ஆனால் அந்தக் கையைப் பார்த்தால் நீங்களும் இதையேதான் சேர்ப்பீர்கள்.]

லின்சி வண்டியைத் தள்ளினாள். அவர் கையை எடுக்காமல், முதுகை வளைத்துக்கொண்டு, பக்கத்திலேயே நடந்தார். துணி அடுக்கு, சோப்பு அடுக்கு எல்லாம் தாண்டிப் போனார்கள். வாங்க வந்தவர்கள் விலகி நின்றார்கள். திருப்பத்தில் வண்டி ஃபீடிங் பாட்டில் அடுக்கில் இலேசாக இடித்தது.

“பார்த்துத் தள்ளு, அம்மணி. அவ பக்கம் இடிக்குது பாரு.”

இது இரண்டாவது வாக்கியம்.

அவ பக்கம். இரட்டை வண்டி வேண்டாம் என்று வந்தவர் வாயிலிருந்து வந்தது. அவருக்கே அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. லின்சிக்கு விழுந்தது. வண்டியைப் பின்னால் இழுத்து, அகலமாக வளைத்துத் திருப்பினாள்.

நான் முகத்தைப் பொட்டலத்தால் மறைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

6

இனி முடிவு. ஒரு முடிவை எழுதினேன். எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். கை பழகிவிட்டது, அரைமணி நேரத்தில் வந்துவிட்டது. நன்றாகவும் வந்திருந்தது, அதுதான் எரிச்சல். கிழித்துப் போட்டேன்.

இன்னொன்று எழுதினேன். கோயில் வாசல், இரட்டை ஞானஸ்நானம், பாட்டுக் குழுவில் விமலாராணி, பிரியாணி. எறும்பு மொய்க்கிற அளவுக்கு இனிப்பு. அதையும் வைத்துக்கொள்ளத் தைரியம் வரவில்லை. நான் பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுதி, யாரை ஏமாற்ற?

கிருபாசங்கருக்குப் போன் செய்தேன். கதையில் பாதியை அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

“கதை இருக்குதுங்க. முடிவுதான் இல்லைங்க.”

“அதெப்படிங்க அக்கா? பிள்ளை ஊடு வந்துச்சுங்களா, இல்லைங்களா?”

“தெரியலைங்க.”

“நீங்கதானுங்களே எழுதறீங்க?”

“எழுதறதுதானுங்க என் வேலை. மூச்சு விடறது அந்தப் புள்ள வேலை. அதை அவதான் பண்ணோணும்.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இல்லீங்க அக்கா, நீங்க அன்னைக்கு சொன்ன வரைக்கும் எங்க ஊட்ல சொல்லிப்போட்டேன். காலையில எந்திரிச்சதும் அவங்க அதைத்தான் கேக்கறாங்க. அந்தப் புள்ள என்னாச்சுன்னு. நேத்து சர்ச்சு வழியா வந்தப்ப மெழுகுவத்தி வெச்சுட்டு வந்தாங்களாமா. நாங்க சர்ச்சுக்கே போறதில்லைங்க.”

எழுத வந்து இத்தனை வருஷத்தில் என் கதையில் வருகிற ஆளுக்கு யாரும் மெழுகுவத்தி ஏற்றியதில்லை. “அவங்களைக் கேட்டதாச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டேன்.

7

வண்டியை வாங்கிவிட்டார்கள். அகலமான, அசடான, எதையும் கழற்ற முடியாத வண்டி. பெட்டியில் போட்டுத் தரட்டுங்களா என்று ஜாஹிதா கேட்டாள். அப்படியே குடுங்க என்றாள் லின்சி. டாக்ஸி பின்பக்கத்தில் மடித்து ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று ரூபன் டிரைவரிடம் சொன்னது வரை நான் எழுதலாம். அங்கிருந்து என்னால் உள்ளே போக முடியவில்லை. என்னிடம் பாஸ் இல்லை.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். எல்லாருக்கும் பேர் வைத்தேன், வண்டி விற்கிறவளுக்குக்கூட வைத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறவளுக்கு வைக்கவில்லை. மறதி இல்லை. என் கையால் பேர் வாங்கியவர்கள் பாடு எப்படிப் போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இந்த ஒருத்தி விஷயத்தில் என் கையை நான் நம்பவில்லை.

ஞானஸ்நானத்தில் சாமியார் தண்ணீர் ஊற்றி வைக்கிற பேர் பிற்பாடு. அதற்கு முன்னால் வீட்டில், பிள்ளையின் காதில் அத்தை மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். ஷெர்வினுக்கு விமலாராணி சொன்னாள். இவளுக்கும் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறாள். என்ன பேர் என்றுதான் அவளிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். பேர் வைத்தவர்கள் அந்தப் பிள்ளையை அப்புறம் விசாரிக்காமல் இருப்பதில்லை. அவளுக்கு இப்போது அது வேண்டும். மூன்று தடவைக்கு இடம் விட்டிருக்கிறேன்.

...............

...............

...............

சத்தமாகச் சொல்ல வேண்டாம். அவள் காதுக்குக் கேட்டால் போதும்.