எண்ணூற்றுப் பன்னிரண்டு முழங்கால்கள்

அக்குபங்சர் ஊசி மருத்துவச் சான்றிதழைச் சுவரில் மாட்டிய மறுநாள் அவள் குத்திய முதல் ஊசியிலேயே பக்கத்து வீட்டுத் தையல்காரரின் முழங்கால் வலி கிளம்பி, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் இடது பின்னங்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. தையல்காரர் இரண்டிரண்டு படியாகத் தாண்டி வீட்டுக்குப் போனார். நாற்காலி அன்று முதல் நொண்டியது.

அதற்கு முன்பு அவள் பதினோரு வருடம் சலவைக் கடையில் இஸ்திரி போட்டவள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சூடு பட்ட தழும்புகள் ஏணிப்படி மாதிரி இருக்கும். படிப்புக்கான கட்டணம் அவளுடைய பதினான்கு மாதச் சம்பளம். புருஷன் கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதுகிறவர், எதையும் எண்ணாமல் விடமாட்டார். கட்டணம், புத்தகம், பஸ் செலவு, சான்றிதழுக்குப் போட்ட கண்ணாடிச் சட்டம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஒரு முழங்காலுக்கு அவள் வாங்கும் கூலியால் வகுத்து, எண்ணூற்றுப் பன்னிரண்டு முழங்கால் குத்தினால்தான் போட்ட பணம் திரும்பும் என்று சொன்னார். ஒரு வருடம் கெடு. திரும்பாவிட்டால் சட்டத்தைக் கழற்றிவிட்டு அவள் பழையபடி இஸ்திரி மேசைக்குப் போக வேண்டும். சலவைக் கடைக்காரரும் அந்த மேசையை அதுவரை யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். தெருவில் மொத்தமே நாற்பத்தொரு வீடு. அதில் பாதி முழங்கால் சின்னப் பிள்ளைகளுடையது, வலிக்காது.

மாடியில் குடியிருந்த நாத்தனார் தினமும் இறங்கி வந்து விசாரித்துவிட்டுப் போவாள். "என்ன அண்ணி, இன்னிக்கு எத்தனை கால் விழுந்துச்சு?"

"ரெண்டு. உன்னோடதையும் நீட்டினா நாலு."

"ஐயோ, என் கால் நல்லாத்தான் இருக்கு. உங்க வீட்டு நாற்காலிக்குத்தான் முடியல."

கால்கள் வந்தன, கழுத்துகளும் வந்தன. வங்கிக் குமாஸ்தாவின் ஒற்றைத் தலைவலி குளிர்சாதனப் பெட்டிக்குப் போனது. கதவைத் திறந்து உள்ளே விளக்கு எரிந்தால் அது முனகும். பஸ் ஓட்டுநரின் தோள்பட்டைப் பிடிப்பு அலமாரிக்கு வந்து, கதவு பாதிக்கு மேல் திறக்க மறுத்தது. தச்சர் வந்து தட்டிப் பார்த்தார். "மரத்துல ஒண்ணும் இல்லக்கா. இது வாதம். நம்ம வேலை இல்ல" என்றார். வந்து போனதற்குக் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். அவள் நாற்காலிக்கே ஊசி போட்டுப் பார்த்தாள். அது குணமாகி, வலி கட்டிலுக்குத் தாவியது. நாற்காலியே மலிவு என்று புருஷன் கணக்குப் பார்த்துச் சொன்னதால், மறுபடி நாற்காலிக்கே மாற்ற வேண்டியதாயிற்று. பக்கத்தில் ஒரு செங்கல்லை வைத்தும் பார்த்தாள். வலி அதைச் சீண்டவில்லை. கைக்கெட்டும் தூரத்தில், வீட்டார் கை அன்றாடம் படுகிற பொருளாக இருந்தால்தான் குடியேறியது.

பதினோராவது மாதம் முடிந்தபோது வரவு அறுநூற்று நாற்பது முழங்கால். ரிப்பேர் செலவில் நூற்று முப்பது முழங்கால் போய்விட்டது. இன்னும் முந்நூற்றிரண்டு முழங்கால் பாக்கி. புருஷன் கோபப்படவில்லை. அடியில் இரட்டைக் கோடு போட்டு, "மேசை இன்னும் காலியாத்தான் இருக்காம், விசாரிச்சேன்" என்று மட்டும் சொன்னார். அவள் தழும்புகளைச் சொறிந்துகொண்டே அந்த நோட்டை வெகுநேரம் பார்த்தாள். வீட்டில் அதைவிட அதிகம் கைபட்ட பொருள் வேறு கிடையாது.

கடைசித் தெருவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். எங்கே கிளம்பினோம் என்பதைப் பாதி வழியில் மறந்து, ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "இது என் வீடுதானே?" என்று கேட்பவர். மறதி பாடப்புத்தகத்தின் கடைசி அத்தியாயம். வகுப்பில் அதை நடத்திய அன்று அவள் காய்ச்சலில் படுத்திருந்ததால், அதுவரை அவருக்கு இடுப்பில் மட்டும்தான் குத்தியிருந்தாள். கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளே போய் அவரைக் கூட்டிவந்து, நல்ல மர நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"இத கொஞ்சம் மடியில வச்சுக்குங்க ஐயா."

"என்னம்மா இது?"

"கணக்கு நோட்டு. கனமா இருக்காது."

புத்தகத்தைப் பிரித்து வைத்துப் படம் பார்த்தே குத்தினாள். ஏழாவது ஊசியில் தபால்காரர் நிமிர்ந்தார். இடுப்புக்குக் குத்திய ஐந்து தடவைக்கும் காசு கொடுக்கவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. எண்ணிக் கொடுத்துவிட்டு, யாரையும் வழி கேட்காமல் நேராக வீட்டுக்குப் போனார்.

கெடு நாளன்று புருஷன் நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தின் விலை மட்டும் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் யோசித்து யோசித்து மங்கிவிட்டது. எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை, அதற்குத்தானே எழுதுவது. மறுபடி உட்கார்ந்து கூட்டினார். செவ்வாய்க்கிழமை எண்ணூறு முழங்கால் நஷ்டம் வந்தது. வியாழக்கிழமை நான்கு முழங்கால் லாபம். வெள்ளிக்கிழமை நோட்டு அவர் யார் என்பதையே மறந்து, யாரோ ஒருவருடைய பால் கணக்கைக் காட்டியது. கணக்கு முடியாமல் தீர்ப்புச் சொல்வது அவர் தொழிலுக்கு அழகில்லை. இப்படியே மூன்று மாதம் ஓடியதும் சலவைக் கடைக்காரர் அந்த மேசையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்.

ஒருநாள் புருஷன் கேட்டார். "இந்த நோட்டுக்கும் ஒரு ஊசி போட்டுப் பாரேன்."

"போடலாம். மறதி பக்கத்துல இருக்கற பொருளுக்குப் போகும். உங்க வங்கிப் புத்தகம் அலமாரியிலதானே இருக்கு?"

அவர் நோட்டை மூடி எடுத்து வைத்தார்.

இப்போது ஆறு வருடமாகிறது. குளிர்சாதனப் பெட்டியின் விளக்கைக் கழற்றிவிட்டார்கள், அது முனகுவதில்லை. நாத்தனாரும் ஒருவழியாகத் தன் இரண்டு கால்களைக் கொண்டுவந்து நீட்டினாள். புருஷன் தினமும் நோட்டில் அன்றைய வரவை எழுதுகிறார், மறுநாள் நோட்டு அதைப் புதிதாகக் கேட்கிறது. மேகம் மூடிய நாட்களில் நாற்காலியின் இடது பின்னங்காலுக்கு வெந்நீரில் பிழிந்த துணியைச் சுற்றி, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் உட்காருகிறார்.